கொசு கழிப்பறையில் யாரிடம் பேசினாள்

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையில் ஒரு ஜன்னல், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கொசு. கொசு என்பது ஆள். நாற்பதைத் தாண்டியவள். காலையில் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் வருகிறவன் போகிறவன் கையையெல்லாம் குத்திக்கொண்டிருப்பது அவளுடைய உத்தியோகம். இந்தப் பெயரை வைத்தவன் உருப்படவே மாட்டான் என்று அவள் பலமுறை சபித்திருக்கிறாள். வைத்தவர் ஆம்புலன்ஸ் டிரைவர். நன்றாகத்தான் இருக்கிறார். போன வருடம் தொப்பைகூட வைத்திருக்கிறது.

குத்துவதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. நரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியாத குண்டுக் கை, காய்ந்து சுருங்கிப்போன கிழட்டுக் கை, ஊரையே கூட்டுகிற குழந்தையின் கை, எதுவானாலும் ஒரே குத்துதான். ஆனால் ஜனங்கள் அவளைத் தேடி வந்தது அவள் கைக்காக அல்ல, வாய்க்காக. ரப்பர் பட்டையை இறுக்கும்போதே பாட்டு மாதிரி ஆரம்பித்துவிடுவாள். "ஒண்ணும் இல்ல கண்ணு. ஊசியப் பாக்காத, ஜன்னலைப் பாரு." கொஞ்சம் நிறுத்துவாள். கை தளர்கிறதா என்று விரலால் பார்ப்பாள். "அவ்வளவுதான் தங்கம், வலிக்கவே வலிக்காது." மீசை நரைத்த போலீஸ்காரருக்கும் அதே கண்ணு, அதே தங்கம்தான். அவரும் ஒழுங்காக ஜன்னலைப் பார்ப்பார்.

இந்தக் குரலை அவள் சாயங்காலம் கோட்டோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். வீட்டில் அது கிடைக்காது. பத்தாவது படிக்கிற மகளுக்கு அங்கே "எருமை" என்று பெயர். ஸ்கூல் வேன் ஓட்டுகிற கணவருக்குப் பெயரே இல்லை, "இந்தா பாருங்க" தான். அவரும் பதிலுக்கு "இவளே" என்பார். கொசு வளர்ந்தது மாமா வீட்டில். அங்கே அவளை "ஏய்" என்றார்கள், கோபம் வந்தால் "உன்னத்தான்" என்றார்கள். அதில் ஒன்றும் பெரிய குறையில்லை. சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள். கண்ணு, தங்கம் எல்லாம் அந்த வீட்டில் புழங்கவில்லை, அவ்வளவுதான்.

சதுரங்கம் அவளிடம் வந்து சேர்ந்தது மகளால். மகள் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சதுரங்க வகுப்பில் சேர்ந்து, அட்டை, காய், பை என்று எல்லாவற்றையும் வாங்க வைத்துவிட்டு, அடுத்த மாதமே போரடிக்கிறது என்று நிறுத்திவிட்டாள். வாங்கியதை வீணாக்குவதா என்ற ஆத்திரத்தில் அம்மா கற்றுக்கொண்டாள். முதலில் போனில் விளையாடினாள். பிறகு ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் ஆம்புலன்ஸ் டிரைவரோடு விளையாடினாள். அவரை அவள் ஜெயித்த வேகத்தைப் பார்த்துவிட்டுக் கணக்குப் பிரிவுத் தலைவர் தன்னுடைய சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரும் தோற்றார். தோற்ற கையோடு, அலுவலகங்களுக்கு நடுவே நடக்கிற போட்டிக்கு ஆஸ்பத்திரி அணி ஒன்றை ஆரம்பித்து, தன்னையே கேப்டனாகவும் நியமித்துக்கொண்டார். நாலு பேர் அணி. கேப்டன், டிரைவர், மருந்துப் பிரிவிலிருந்து ஒரு பையன், கடைசிப் பலகையில் கொசு.

இங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையில் புலியாக இருந்தவள் போட்டி மேசையில் உட்கார்ந்து ஆட்ட நேரம் காட்டும் கடிகாரத்தின் பொத்தான் அழுந்துகிற சத்தத்தைக் கேட்டதும் நனைந்த பூனையாகிவிடுவாள். விரல் நுனியெல்லாம் ஐஸ் ஆகும். வயிற்றுக்குள் யாரோ துணி பிழிவார்கள். நாள் முழுக்க ஊசி பிடித்தும் ஆடாத கை, ஒரு மரச் சிப்பாயைத் தூக்கும்போது தந்தி அடிக்கும்.

முதல் போட்டியில் அவளுடைய சட்டைக் கை பட்டு அவளுடைய ராஜாவே சாய்ந்துவிட்டது. சதுரங்கத்தில் தன் ராஜாவைத் தானே சாய்ப்பது என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம். எதிரே இருந்த மனுஷன் மகிழ்ந்துபோய்க் கையை நீட்டினார். தெரியாமல் பட்டுவிட்டது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு வாய் வரவில்லை. நீட்டின கையைத் தட்டுவது மரியாதையில்லை என்று பிடித்துக் குலுக்கிவிட்டு எழுந்து வந்தாள். கேப்டனிடம் நேர்மையாகத் தோற்றதாகச் சொன்னாள். நன்றாக இருந்த ஆட்டம் எப்படித் தோற்றது என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது போட்டியில் வாந்தி வருகிற மாதிரி இருந்ததால் கழிப்பறைக்கு ஓடினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். வாந்தி வரவில்லை. அதற்குப் பதிலாக அவளுடைய வலது கை தானாகவே போய் இடது முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்தது, ரப்பர் பட்டை மாதிரி. வாய் தானாகவே திறந்தது. "ஒண்ணும் இல்ல கண்ணு." அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. சுற்றிமுற்றிப் பார்த்தாள். யாருமில்லை. மறுபடி சொல்லிப் பார்த்தாள். துணி பிழிகிறவர்கள் கொஞ்சம் கையை எடுத்தார்கள். திரும்பி வந்து அந்த ஆட்டத்தை ஜெயித்தாள்.

அன்றிலிருந்து இதுதான் மருந்து. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு மூன்று வேளை. வயிறு சரியில்லை என்று அணிக்குள் சொல்லி வைத்திருந்தாள். அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமே கிடையாது. தினமும் டப்பா டப்பாவாக அடுத்தவர் வயிற்றின் சங்கதியைப் பெயர் ஒட்டி அடுக்குகிறவளுக்கு அதில் என்ன கூச்சம். ஆனால் உள்ளே போய் என்ன செய்கிறாள் என்பது வெளியே தெரிந்தால் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட வேண்டும் என்று முடிவெடுத்து வைத்திருந்தாள். வளர்ந்த பொம்பளை ஒருத்தி தன்னைத்தானே கொஞ்சிக்கொள்வது என்பது அவள் கணக்கில் திருட்டுக்குப் பக்கத்தில் வருகிற காரியம்.

அரையிறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னப் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. எதிரணி ஒரு வங்கி. மகளும் கூட வந்திருந்தாள். ஏன் வருகிறாய் என்று கேட்டதற்கு வீட்டில் நெட் தீர்ந்துவிட்டது, உன் போனில் இருக்கிறது என்றாள். ஆட்ட அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் போனை மகளிடமே கொடுத்து, வாசல் படிக்கட்டில் உட்காரச் சொல்லி, எங்கேயாவது சுற்றப் போனாய் என்றால் கால் உடையும் என்று வாழ்த்திவிட்டுக் கொசு உள்ளே போனாள்.

அவள் எதிரே உட்கார்ந்தவர் வங்கியின் காசாளர். அந்த அணிக்குக் கேப்டனும் அவர்தான். நிதானமான மனிதர். ஒரு காயை நகர்த்தினால் அதன் தலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கடிகாரத்தை அழுத்துவார், பணக்கட்டை அடுக்கி முடித்த மாதிரி.

ஒவ்வொரு பலகையாக முடிந்தது. ஆஸ்பத்திரி கேப்டன் தோற்றார். டிரைவர் ஜெயித்தார். மருந்துப் பையன் டிரா செய்தான். இரண்டு அணியும் சமம். மிச்சமிருப்பது கொசுவின் பலகை மட்டும். அது டிரா ஆனால்கூட முந்தைய சுற்றுகளின் புள்ளியை வைத்து வங்கிதான் இறுதி ஆட்டத்துக்குப் போகும். கொசு ஜெயித்தே ஆக வேண்டும். இதைக் கேப்டன் அவள் பக்கத்தில் வந்து நின்று, ஒன்றும் பேசாமல், டையை இழுத்து இழுத்துத் தெரிவித்தார்.

அவள் நிலைமை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பயமே. மோசமாக இருந்தால் தோற்றுவிட்டுப் போகலாம். நன்றாக இருந்தால் அதைக் கெடுப்பதற்கு அவள் ஒருத்திதான் பொறுப்பு. நடுவரிடம் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு எழுந்தாள். அன்றைக்கு அது மூன்றாவது வேளை.

கழிப்பறையில் எல்லாமே பிள்ளைகள் உயரத்தில் இருந்தது. கண்ணாடியில் அவளுடைய வயிறு மட்டும்தான் தெரிந்தது. கதவைத் தாழிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, மருந்தைக் குடித்தாள். பக்கத்துத் தடுப்பில் ஆள் இருந்தது அவளுக்குத் தெரியாது. மருந்துப் பையனோடு ஆடி முடித்த வங்கிப் பெண், மூக்குக் கண்ணாடி போட்டவள், அங்கே இருந்தாள். கேட்டதைக் கேட்டாள். நேராக நடுவரிடம் போனாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆட்டத்தின் நடுவில் அடிக்கடி கழிப்பறைக்கு எழுந்து போகிறவர்கள் ஒளித்து வைத்த போனில் பலகையை அப்படியே போட்டு, அது சொல்கிற நகர்த்தலைத் தெரிந்துகொண்டு வருவதுண்டு. அப்படி ஒரு சங்கதி இருப்பது சதுரங்கம் ஆடுகிற எல்லாருக்கும் தெரியும்.

கொசு திரும்பி வந்தபோது அவள் கடிகாரம் நிறுத்தப்பட்டிருந்தது.

நடுவர் வாரமெல்லாம் தபால் கொடுப்பவர், ஞாயிறு மட்டும் நடுவர். குரலே உயராது. ஒரு நிமிஷம் வாங்கம்மா என்று ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போனார். இரண்டு கேப்டன்களும் கண்ணாடிக்காரப் பெண்ணும் பின்னால் வந்தார்கள். அங்கேயும் குட்டி நாற்காலிகள்தான். எல்லாரும் முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு ஒரு பெரிய விஷயத்தை விசாரித்தார்கள்.

"உள்ள பேசிக்கிட்டிருந்தாங்க சார்," என்றாள் அந்தப் பெண். அவளுக்கும் அதைச் சொல்வது பிடிக்கவில்லை, தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். "'பயப்படாத, அந்த யானை ஒண்ணும் பண்ணாது, குதிரை அங்கயே இருக்கட்டும்'னு சொன்னாங்க. நடுவுல நிறுத்தி நிறுத்தி. அந்தப் பக்கம் யாரோ சொல்றதைக் கேட்டுட்டுப் பேசுற மாதிரி."

கொசுவுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. எவ்வளவு ஏறியது என்று மில்லி கணக்கில் சொல்லக்கூடிய ஆள் அவள். வயிறு சரியில்லை சார் என்று ஆரம்பித்தாள். எப்படிச் சரியில்லை, எத்தனை நாளாக, என்ன நிறம் என்று ஆய்வுக்கூடத்துச் சீட்டு மாதிரி ஒப்பித்தாள். அவளுடைய கேப்டன் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். நடுவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரிம்மா, அதெல்லாம் சரி, பேசினது யாரோட என்றார்.

யாரோடும் இல்லை என்றாள். போன் எங்கே என்றார். வெளியே மகளிடம் என்றாள். மகளைக் கூப்பிட்டார்கள். ஏதோ பரிசு கொடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்த மாதிரி வந்த பெண், அறைக்குள் இருந்த முகங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். நடுவர் போனை வாங்கிப் பார்த்தார். காலையிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. வரவும் இல்லை, போகவும் இல்லை. எல்லாரும் மூச்சு விட்டார்கள். போனைத் திருப்பிக் கொடுக்கப்போனவரின் கட்டைவிரல் எங்கேயோ பட்டது. திரையில் ஒரு சதுரங்கப் பலகை வந்து நின்றது.

காசாளர் எட்டிப் பார்த்தார். குனிந்து மறுபடியும் பார்த்தார். "இது எங்க ஆட்டம்," என்றார்.

யானை அதே மூலையில். குதிரை அதே இடத்தில். ஒரு சிப்பாய்கூட மாறவில்லை.

கொசு மகளைப் பார்த்தாள். மகளுக்கு உதடு வெளுத்துவிட்டது.

"நான்தான் போட்டேன்," என்றாள் மகள். "ஜன்னல் வழியா அம்மா பலகை தெரியுது. சும்மா பாக்கலாம்னு…"

"எதுக்கும்மா பாக்கணும்?" என்றார் நடுவர்.

"அம்மா ஜெயிக்கிறாங்களான்னு. எனக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியல. ஜெயிக்கிறாங்கன்னுதான் போன் காட்டுச்சு. அந்தக் குதிரையை வெச்சு…"

ஆஸ்பத்திரி கேப்டன் காசநோய்க்காரர் மாதிரி இருமினார். மகள் நிறுத்திவிட்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கொசுவுக்கு அந்த நேரத்திலும் ஒரு சந்தேகம் வந்தது. நெட் தீர்ந்ததால் வந்தவள் எதற்காக ஜன்னலில் தொங்கிக்கொண்டு, கழுத்து வலிக்க வலிக்க ஒவ்வொரு காயாகப் பார்த்துப் போனில் வைத்திருக்கிறாள்? சதுரங்கம் போரடிக்கிறது என்று சொன்னவள்தானே. இதை முழுசாக யோசித்து முடிக்க விடாமல் காசாளர் பேசினார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. கழிப்பறைக்கும் படிக்கட்டுப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது, பாப்பா வெளியே நிற்கிறது, அம்மா உள்ளே நின்று பேசுறாங்க, நான் வேற ஒண்ணும் சொல்லலை என்றார்.

நடுவர் நெற்றியைத் தேய்த்தார். அப்படி என்றால் ஆட்டத்தை இத்தோடு நிறுத்த வேண்டும், போட்டிக் குழுவுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றார். அப்புறம், ரொம்பக் கஷ்டப்பட்டு, "பாப்பா பேரையும் சேர்த்துத்தான் சொல்லணும்," என்றார்.

தன்னை மட்டும் திருடி என்றிருந்தால் கொசு தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ராஜா சாய்ந்த அன்றைக்குப் போனது மாதிரி. கை நீட்டினால் குலுக்கிவிட்டுக்கூடப் போயிருப்பாள். ஆனால் வாசலில் நின்ற எருமை இப்போது அழாமல் இருப்பதற்காக மோவாயை இறுக்கிக்கொண்டிருந்தது.

"சார், இவளை வெளிய அனுப்பிடுங்க. நான் சொல்றேன்."

"இல்லம்மா. பாப்பா விஷயமும் இதுல இருக்கு. அதுவும் இங்கயே இருக்கட்டும்."

கொசு மேசைமேல் கிடந்த சாக்பீஸ் துண்டைப் பார்த்தாள். அதைப் பார்த்துத்தான் பேசினாள்.

"என்கிட்டயேதான் பேசிக்கிட்டேன் சார்."

"அப்ப ஏன் நிறுத்தி நிறுத்திப் பேசணும்?"

"கை தளர்றதுக்கு நேரம் குடுக்கணும்ல."

யாருக்கும் புரியவில்லை. நடுவர், என்ன பேசினீர்களோ அதை அப்படியே சொல்லுங்கள் என்றார். அவள் இடது கையை மேசைமேல் வைத்தாள், ரத்தம் கொடுக்க வந்தவள் மாதிரி. வலது கையால் அதைப் பிடித்தாள். பாட்டு மாதிரி வருகிற குரல் வரவில்லை. பஸ் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிற மாதிரிதான் வந்தது.

"'ஒண்ணும் இல்ல கண்ணு'ன்னேன். அப்புறம், 'பயப்படாத, அந்த யானை ஒண்ணும் பண்ணாது, அதையே பாத்துக்கிட்டிருக்காத'ன்னேன். 'குதிரை அங்கயே இருக்கட்டும், ஒண்ணும் அவசரம் இல்ல'ன்னேன். அப்புறம்…" பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கினாள். "'வலிக்காது தங்கம்'னேன். ரத்தம் எடுக்கும்போது சொல்றது சார். எல்லாருக்கும் சொல்வேன். எனக்குப் பயமா இருந்துச்சு. அதனால எனக்கும் சொல்லிக்கிட்டேன்."

கண்ணாடிக்காரப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா சார். வலிக்காதுன்னாங்க. அது எதுக்குன்னு எனக்குப் புரியல. அதனால சொல்லாம விட்டுட்டேன்." பிறகு கொசுவைப் பார்த்து, "சாரிக்கா," என்றாள்.

போனில் நகர்த்தல் கேட்கிறவள் வலிக்காது தங்கம் என்று சொல்ல மாட்டாள். அது நடுவருக்குப் போதுமானதாக இருந்தது. காசாளருக்கும்தான். அவர் தன் கைவிரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி கேப்டன் மின்விசிறியை இதுவரை பார்த்திராதவர் மாதிரி பார்த்தார். கதவுக்கு வெளியே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த டிரைவர், வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு ஜோக்கும் அடிக்காமல் நகர்ந்துபோனார்.

மகள் இருந்த பக்கம் மட்டும் கொசு திரும்பவில்லை. அவள் பார்வை காதில் படுவது மட்டும் தெரிந்தது. காது எரிந்தது.

ஆட்டம் தொடரட்டும் என்றார் நடுவர். காசாளர் எழுந்துகொண்டே, அம்மா சொன்னதை நான் நம்புறேன் சார், ஆனா குதிரைன்னு பாப்பா சொன்னதை இவங்களும் கேட்டாங்களே என்றார். நடுவருக்கு அதற்கு விதி தெரியவில்லை. அப்படி ஒரு விதியை எவனும் எழுதியிருக்க மாட்டான். வேண்டுமென்றே செய்ததில்லையே என்று இழுத்தார். காசாளருக்குக் கொஞ்சம் நேரம் கூட்டிக் கொடுத்துவிட்டு, மகளை ஜன்னல் இல்லாத பக்கம் உட்காரச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தை ஓடவிட்டார்.

கொசு உட்கார்ந்தாள். பலகையைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. குதிரை ஒரு தாவு தாவினால் ராஜாவும் ராணியும் ஒரே நேரத்தில் மாட்டும். ராஜா விலகியே ஆக வேண்டும், ராணி போய்விடும். சாப்பாட்டு மேசையாக இருந்திருந்தால் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே இதைப் பார்த்திருப்பாள். மகள் சொல்லாமல் இருந்திருந்தால் இங்கே பார்த்திருப்பாளா? அது இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆட்டம் முடித்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். எழுந்து கழிப்பறைக்குப் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இப்போது எழுந்தால் அத்தனை பேருக்கும் தெரியும், கொசு தன்னைக் கொஞ்சிக்கொள்ளப் போகிறாள் என்று. மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். ஒண்ணும் இல்ல கண்ணு. அது அறிவிப்புக் குரலில்தான் வந்தது. குட்டி நாற்காலியும் சாக்பீஸ் துண்டும் சேர்ந்து வந்தன. மருந்து கெட்டுப்போய்விட்டது.

குதிரையை எடுக்கக் கையைத் தூக்கினாள். கை தந்தி அடித்தது. குதிரையின் காதுக்கு மேலே விரல் நின்றது, தொடவில்லை. தொட்டால் ஆடித்தான் ஆக வேண்டும். ஆடினால் ராணியை எடுக்க வேண்டும், அப்புறம் ஜெயித்து முடிக்க வேண்டும், அத்தனை பேர் பார்க்க, இன்னும் எவ்வளவு நேரமோ.

"டிரா பண்ணிக்கலாமா?" என்று ஒரு குரல் கேட்டது. அவளுடையதுதான்.

காசாளர் அவளைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

எல்லாம் முடிந்தது. வங்கி இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரி கேப்டன் டையைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். டிரைவர் பக்கத்தில் வந்து, "கொசு, குதிரை சும்மா நின்னுச்சே," என்றார். குரலில் திட்டு இல்லை.

"தெரியும்ணே."

அந்தத் தெரியும் நடுவர் காதில் விழுந்ததுதான் வினை. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அதாவது அவர் விரும்பின மாதிரி விளங்கிவிட்டது. அறையின் நடுவில் போய் நின்றார். அந்த உயராத குரலையும் உயர்த்தி, இந்த அம்மா கையில் வெற்றி இருந்தது, தற்செயலாகக் காதில் விழுந்த ஒரு சொல்லை வைத்து ஜெயிக்க மனசு வராமல் டிரா கேட்டார்கள், இப்படிப்பட்ட ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை என்றார். காசாளர்தான் முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். கண்ணாடிக்காரப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

இல்ல சார், பயந்துட்டேன் என்று சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. கொசு தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அத்தோடு விட்டதா என்றால் இல்லை. கேப்டன் வந்தார். முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது, யோசித்துப் பார்த்தேன், நம்ம ஆஸ்பத்திரி பேரைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றார். கையை நீட்டினார். இந்த ஆளை அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அவருடைய கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அவள் அந்தக் கையையும் குலுக்கினாள். அவளுடைய கை இன்னும் ஈரமாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் அம்மாவும் மகளும் ஒரே பெஞ்சில் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். போன் மகள் மடியில் திரை கவிழ்ந்து கிடந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. அதுவே ஒரு அதிசயம்.

மகள்தான் ஆரம்பித்தாள். "நான் உளறினதாலதான டிரா கேட்ட?"

கொசு ரோட்டைப் பார்த்தாள். ஆமாம் என்றால் சரியாகப் போய்விடும். ஊரே கை தட்டியிருக்கிறது, இவளும் தட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் தட்டுகிற ஒவ்வொரு தட்டும், உன்னால்தான் அம்மா தோற்றாள் என்று இந்தப் பெண்ணின் முதுகில் விழும். இதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். அப்பாவிடம் சொல்லும்போது குறைத்துச் சொல்வாள், ராத்திரி சோறு வேண்டாம் என்பாள்.

"இல்ல," என்றாள் கொசு. "பயந்துட்டேன்."

"நடுவர் சார் அப்படிச் சொன்னாரு?"

"அவரா நினைச்சுக்கிட்டாரு."

"எல்லாரும் கை தட்டினாங்களே."

"தட்டட்டும்னு விட்டுட்டேன்."

மகள் திரும்பி அவளை நன்றாகப் பார்த்தாள். "கேப்டன் சார் அழுதாரும்மா."

"பார்த்தேன்."

"அப்பவும் சொல்லல?"

"சொல்லல."

"கேவலமா இருக்கு," என்றாள் மகள்.

"ஆமா," என்றாள் கொசு. பெற்ற பெண்ணிடம் இப்படி ஒரு வார்த்தை வாங்கினால் அறை விழும் வீடு அது. இன்றைக்கு அறைவதற்கும் கையில் தெம்பில்லை, அறைகிற தகுதியும் இல்லை.

கொஞ்ச நேரம் ஒரு தண்ணீர் லாரி முக்கிக்கொண்டு போவதை இரண்டு பேரும் பார்த்தார்கள். மகளுக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது, அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் செருப்பால் தரையைக் கீறினாள். கடைசியில், லாரியைப் பார்த்துக் கேட்கிற மாதிரி கேட்டாள். "சின்ன வயசுல எனக்கு ஊசி போட நீதான் கூட்டிட்டுப் போன. அப்ப என்கிட்ட என்ன சொன்ன?"

கொசுவுக்கு நினைவிருந்தது. நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு ஏற்கெனவே போதுமான அளவு சொல்லாமல் விட்டாகிவிட்டது.

"ஆடாம உக்காரு, மானத்தை வாங்காதன்னு சொன்னேன்."

"ம்."

"அந்த நர்சு எனக்குத் தெரிஞ்சவ. அவ முன்னாடி நீ அழுதது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு." இதைச் சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டது. "வேற மாதிரி சொல்லியிருக்கலாம்."

மகளிடம் மன்னித்துவிட்டேன் என்கிற முகமும் இல்லை, மன்னிக்கவில்லை என்கிற முகமும் இல்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியில் கேப்டனிடம் உண்மையைச் சொல்வாயா என்று கேட்டாள். சொல்லணும் என்றாள் கொசு. சொல்ல மாட்ட என்றாள் மகள். கொசு யோசித்துவிட்டு, மாட்டேன்னுதான் நினைக்கிறேன் என்றாள்.

பஸ் வந்தது. கூட்டம். மகள் முண்டியடித்து ஏறிப்போய், இரண்டு பேர் உட்காருகிற இருக்கையில் பாதியில் உட்கார்ந்து மீதியில் பையை வைத்துக்கொண்டாள். இது யாருக்கு என்று கேட்ட ஒரு ஆளிடம், எங்க அம்மாவுக்கு, உடம்பு சரியில்லை என்று கூசாமல் பொய் சொன்னாள். கொசு வந்து உட்கார்ந்தாள். இடம் போதவில்லை. இரண்டு தோளும் இடித்தன. காது இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. மகள் நகரவில்லை. இறங்குகிற இடம் வருகிற வரைக்கும் அப்படியே இடித்துக்கொண்டு வந்தாள்.